‘லினக்ஸில் ஓடும்’ என்று நம்பவைத்து விற்ற ஹெட்செட்: 4,850 ரூபாய் போயிற்று, எச்சரிக்கை

சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கணினிப் பொருள் கடையில், வயர்லெஸ் ஹெட்செட்டும் அதற்கான யுஎஸ்பி ப்ளூடூத் டாங்கிளும் (கணினியில் செருகினால் ப்ளூடூத் வசதி தரும் சிறு கருவி) சேர்த்து 4,850 ரூபாய்க்கு வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்தும் வேறு யாருக்கும் இது நேரக்கூடாது என்பதற்காகவே ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதுகிறேன்.

என் மடிக்கணினியில் ப்ளூடூத் கிடையாது, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 போட்டிருக்கிறேன், அலுவலகக் கூட்டங்களில் பேசத்தான் ஹெட்செட் வேண்டும் என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். “நிறைய ஐடி பசங்க லினக்ஸுக்குத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க, ஓடலைன்னா எங்கிட்டயே கொண்டாங்க” என்றார் கடைக்காரர். டாங்கிளைக் கடைக் கணினியில் செருகி, ஒரு பாட்டை ஓடவிட்டு, ஹெட்செட்டை அவரே என் கையில் கொடுத்தார். அந்தக் கணினியில் இருந்தது விண்டோஸ். இருந்தாலும், ‘எங்கிட்டயே கொண்டாங்க’ என்று முகம் பார்த்துச் சொன்ன வார்த்தையை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

வீட்டில் பாட்டு கேட்டது. மைக் வேலை செய்யவில்லை. ப்ளூடூத் ஹெட்செட் பாட்டுக்கு ஏ2டிபி என்ற முறையிலும், மைக்கும் சேர்ந்து இயங்க எச்எஃப்பி போன்ற வேறொரு முறையிலும் இணைய வேண்டும். ஒலி அமைப்பில் அந்த இரண்டாவது முறைக்கு மாற்றிய உடனே ஒவ்வொரு தடவையும் இணைப்பு அறுந்தது. அதே ஹெட்செட்டைக் கைப்பேசியில் இணைத்தபோது மைக் சரியாகவே இருந்ததால், கோளாறு டாங்கிளில்தான் என்று தெரிந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவுகளைப் பார்த்தால், டாங்கிளில் இருப்பது சிஎஸ்ஆர் என்ற நிறுவனத்தின் ப்ளூடூத் சில்லின் பெயரற்ற நகல் என்று லினக்ஸே எழுதி வைத்திருக்கிறது. பெட்டியில் ப்ளூடூத் 5.0 என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். டாங்கிளோ கணினியிடம் தன்னை 4.0 என்றுதான் சொல்லிக்கொள்கிறது.

எடுத்துக்கொண்டு போனால், “எங்க சிஸ்டத்துல ஓடுதே சார், விண்டோஸ் போட்டுக்குங்க” என்கிறார் அதே மனிதர். முதலாளி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் போனபோது, பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், இனி கம்பெனியின் சர்வீஸ் சென்டரைப் பாருங்கள் என்றார்கள். பெட்டியைப் பிரித்ததே அவர்கள்தான். பெட்டியில் ஒரு முகவரிகூட இல்லாத கம்பெனிக்கு எங்கே சர்வீஸ் சென்டர்? வாட்ஸப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்ததற்கு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. 4,850 ரூபாயை வாங்கிக்கொண்டு, பேசிய பேச்சையே மறுக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து உங்கள் மடிக்கணினியையே கடைக்குக் கொண்டுபோங்கள். பாட்டைக் கேட்டுத் திருப்தி அடையாமல், பேசிப் பதிவு செய்து பாருங்கள். டாங்கிளில் என்ன சில்லு இருக்கிறது என்று கேளுங்கள். ‘லினக்ஸில் இயங்கும்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன். 4,850 ரூபாய் முழுதும் திரும்ப வரும்வரை விடப்போவதில்லை.