பழைய எஞ்சினில் கொஞ்சம் கூடுதல் இழுவை: வெபரா, ஹெட் வேலையா?

என்னிடம் இருப்பது 1967-ஆம் வருஷத்து எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, நாலு சிலிண்டர், காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு. இந்த எஞ்சினுக்குப் புத்தகத்தில் போட்டிருப்பது 95 குதிரைத்திறன், ஆனால் அது 8.8:1 கம்ப்ரெஷனுக்கு, அதாவது பிஸ்டன் காற்றை 8.8-ல் ஒரு பங்காக அழுத்துவதற்கு, உரிய கணக்கு. என் வண்டியில் இருந்தது 8:1 பிஸ்டன். ஓட்ட இதமான வண்டிதான். மேடு வந்தால் மட்டும் நாலாவது கியரில் மூச்சு வாங்கும், மூன்றுக்கு இறக்கினால் சத்தம் காதைப் பிடுங்கும்.

எனக்குப் பந்தய வண்டி வேண்டாம். அந்த மேட்டை நாலாவது கியரிலேயே ஏறினால் போதும். அதற்கு இரண்டு வழிகளை எடைபோட்டேன். ஒன்று, எஸ்யூ இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டரை மாட்டுவது. இன்னொன்று, கார்புரேட்டரைத் தொடாமல், சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் சிலிண்டர் ஹெட்டை இறக்கி வேலை செய்வது. நான் ஹெட் பக்கம் போனேன். இதே மாடல் வைத்திருக்கும் நண்பர் ஏறக்குறைய அதே சமயத்தில் வெபர் போட்டார். இந்த இரண்டு வருஷமாக ஒருவர் வண்டியை ஒருவர் மாற்றி மாற்றி ஓட்டி வருகிறோம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீப்பொறியை நேரம் பார்த்துத் தரும் பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது நல்ல காரியம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது சக்தியைக் கூட்டாது, இருக்கும் சக்தியைச் சிதறாமல் வைக்கும், அவ்வளவுதான். ஏர் ஃபில்டரை மட்டும் மாற்றுவதில் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்டை நான் மாற்றிப் பார்த்ததில்லை. மாற்றினால் அதன் மேல் ஓடும் புது டேப்பட்டும் சேர்த்துப் போட வேண்டும், எஞ்சினையே வெளியே எடுக்கும் அளவுக்கு வேலை இழுக்கும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. சூப்பர்சார்ஜர் பொருத்திய வண்டியை ஓட்டியதே இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் வெபருக்குச் சேர வேண்டிய பாராட்டு. டியூனிங் சரியாக அமர்ந்த நாளில் நண்பரின் வண்டி 4000 ஆர்பிஎம்முக்கு மேல் என் வண்டியை விட வேகமாகப் பிடிக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஆழத்திலிருந்து ஓர் உறுமல் எழும். அந்த ஒரு சத்தத்துக்காகவே வெபர் போடுகிறவர்களை எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் இந்த எஞ்சினின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து காற்றை உள்ளிழுக்கும் வழியான போர்ட் இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு போர்ட்டில், மூன்றும் நாலும் இன்னொன்றில். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அதாவது பங்காளிகள் இரண்டு பேரும் அடுத்தடுத்து காற்றை இழுக்கிறார்கள், அப்புறம் அந்த போர்ட்டில் நீண்ட இடைவெளி. முன்னவன் இழுத்து முடிப்பதற்குள் பின்னவன் தொடங்கிவிடுகிறான். தடை இருப்பது அந்தக் கழுத்திலும் வால்வைச் சுற்றியுள்ள வளைவிலும். வாசலில் எவ்வளவு பெரிய கார்புரேட்டரை வைத்தாலும் உள்ளே இருக்கும் குறுகல் அகலப் போவதில்லை.

இதெல்லாம் இருந்தாலும், என்னை முடிவெடுக்க வைத்தது சக்திக் கணக்கு இல்லை, பராமரிப்பு. பழைய வண்டி தினமும் ஓடுவதில்லை. மூன்று வாரம், சில சமயம் இரண்டு மாதம்கூட சும்மா நிற்கும். அப்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிகிறது. வெபரில் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஐடில் ஜெட்டின் துளை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஒரு துணுக்குப் பிசின் போதும் அதை அடைக்க. எஸ்யூவில் தனியாக ஐடில் ஜெட்டே கிடையாது. ஒரே ஜெட், அதற்குள் மேலும் கீழும் போய்வரும் ஒரு கூம்பு ஊசி. மெதுவாக ஓடும்போதும் முழு வேகத்திலும் அதே ஜெட்தான். என் வண்டியின் எச்எஸ்4 மாடலில் அதன் விட்டம் 2.3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஊசி எப்போதும் உள்ளே நின்றாலும், அந்தத் துளை அடைத்து நான் பார்த்ததே இல்லை.

நண்பரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். அவர் வண்டி ஐந்து வாரம் நின்றிருந்தது. ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐடிலில் ஒரு பக்கம் மிஸ்ஸிங். அவர் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக ஃபெண்டரில் விரித்த துணி மேல் வைத்தார். இரண்டு காப்பி நிறம், இரண்டு சுண்ணாம்பு வெள்ளை. வெள்ளை இரண்டும் ஒரே போர்ட்டைப் பகிரும் சிலிண்டர்கள். ஐடில் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை தெரியவில்லை. ஊதிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகும் லேசான மிஸ்ஸிங் நின்றது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் வளையம் விறைத்துப்போய்க் காற்று கசிந்தது. அன்று நாங்கள் கிளம்பியபோது மணி பதினொன்று. இதில் வெபரின் குற்றம் ஒன்றும் இல்லை. அடிக்கடி ஓடுகிற, அடிக்கடி கவனிக்கப்படுகிற எஞ்சினுக்கு அது அருமையான கருவி. நின்று நின்று ஓடும் வண்டிக்கு அவ்வளவு நுணுக்கம் சுமை.

ஹெட் வேலையில் செய்ததை எல்லாம் உள்ளே செய்து மூடிவிடுகிறோம். அப்புறம் அடைப்பதற்கு எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, எப்படியும் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. அந்தக் கால பெட்ரோலில் ஈயம் உண்டு, அது எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடமான சீட்டுக்கு ஒரு கவசம்போல் இருந்தது. ஈயம் இல்லாத பெட்ரோலில் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும், வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளியான டேப்பட் கேப் குறைந்துகொண்டே வரும். 0.38 மில்லிமீட்டர் வைத்த கேப் என் வண்டியில் ஒவ்வொரு முறையும் இறுகியிருந்தது. கெட்டியான சீட் அடிப்பதைத் தள்ளிப்போட முடியாது என்ற நிலை. அதே செலவில் கொஞ்சம் சேர்த்துச் செய்தால் இழுவையும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

ஹெட்டில் பெட்ரோல் எரியும் குழிகளான சேம்பர்களை நானே அளந்தேன். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, வால்வுகளில் லேசாக கிரீஸ் தடவி மூடி, மேலே ஒரு சிறு துளையிட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை ஒட்டினேன். பியூரெட்டிலிருந்து சாயம் கலந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கடைசிக் காற்றுக்குமிழி துளை வழியே வெளியேறும் இடத்தில் அளவு கிடைத்துவிடும். நாலு சேம்பரில் பெரியதற்கும் சிறியதற்கும் ஒன்றரை சிசி வித்தியாசம்! இத்தனை வருஷமும் நாலு சிலிண்டரும் நாலு விதமாக உழைத்திருக்கின்றன. முதலில் சிறியவற்றைச் சாணை பிடித்துப் பெரியதன் அளவுக்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம் கம்ப்ரெஷன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 450 சிசி. 8:1 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 64.3 சிசி. 8.5:1 வேண்டுமானால் 60. ஆக, ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி சேம்பர் ஒன்றுக்கு 4.3 சிசி குறைக்க வேண்டும். ஒரேயடியாகச் சீவாமல் இடையில் ஒருமுறை அளந்து பார்த்துச் சீவச் சொன்னேன். சீவிய கனத்துக்கு ஏற்ப ராக்கர் பீடத்தின் அடியில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்தால் ராக்கரின் கோணம் கெடாது. இந்த அரைப் புள்ளி ஏற்றத்தால் கிடைப்பது, ஏட்டுக் கணக்கில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மீதிப் பலன் வந்தது வால்வு சீட்டிலிருந்து. 45 டிகிரி முகத்துக்கு மேலும் கீழும் 30, 60 என்று இரண்டு வெட்டு கொடுத்து, சீட்டுக்கு அடியில் இருந்த கூரான விளிம்பைச் சாணையில் வழித்துவிட்டோம். போர்ட்டை அகலப்படுத்தவில்லை. அகலமானால் காற்றின் வேகம் குறைந்து, எனக்கு வேண்டிய கீழ் ஆர்பிஎம் இழுவைதான் முதலில் போகும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

மாட்டியபின் தீப்பொறி எழும் டைமிங்கை இரண்டு டிகிரி பின்னே தள்ளினேன், நாக்கிங் இல்லை. பிளக் நிறத்தைப் பார்த்து எஸ்யூ ஊசியை மட்டும் ஒரு படி கூடுதல் பெட்ரோல் தரும் ஊசியாக மாற்றினேன். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு ஹெட் நட்டுகளை ஒருமுறை இறுக்கியதோடு சரி. குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்று அளந்து பார்க்கவில்லை. ஆனால் அந்த மேடு இப்போது நாலாவது கியரில் ஏறுகிறது. டேப்பட் கேப்பும் வைத்த இடத்திலேயே நிற்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஹெட்டில் கை வைக்கும் முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள். அளவு குறைவாக வந்தால் பிளக் துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி எடுங்கள். அப்போது ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் மேலே மட்டும் புதுசாக்கினால் புகைதான் கூடும். 1964 கடைசி வரை வந்த, கிராங்க்கை மூன்றே பேரிங் தாங்கும் எம்ஜிபி எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் என் யோசனை இதே ஹெட் வேலைதான். ஆர்பிஎம்மை ஏற்றச் சொல்லித் தூண்டாத மாற்றம் அது ஒன்றே.

நண்பரின் வண்டியிலும் எக்ஸாஸ்ட் பக்கம் டேப்பட் இறுக ஆரம்பித்துவிட்டது. போன வாரம் அவருடைய ஹெட்டையும் இறக்கி, சேம்பர்களை அளந்து, அளவைச் சாக்பீஸால் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். மறுபடி மாட்டும்போது வெபரா, அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கும் அந்த இரண்டு எஸ்யூவா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.