பேசஸ் வார இறுதிப் பயிற்சி: நோயாளிகளுக்காகப் போகலாம்

டாக்டர்களுக்கான பிரிட்டிஷ் மேற்படிப்புத் தேர்வான எம்.ஆர்.சி.பி.யில், நோயாளிகளைப் பரிசோதித்துக் காட்ட வேண்டிய செய்முறைப் பகுதிதான் பேசஸ். அதற்காக மான்செஸ்டரில் ஒரு வார இறுதிப் பயிற்சிக்குப் போனேன். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். ஆனால் நோயாளிகள் அருமை! இதய வால்வு மாற்றியவர், நுரையீரல் ஃபைப்ரோஸிஸ் (தழும்பேறி இறுகுவது) உள்ளவர், சிறுநீரகம் மாற்றியவர் என்று எல்லோரும் நிஜ நோயாளிகள். கடைசியாகச் சொன்னவரின் அடிவயிற்றில் நான் கை வைத்ததுமே, "பழைய ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) பார்த்தீர்களா? சைக்ளோஸ்போரினால் (மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் மருந்து) ஈறு வீங்கியிருக்கிறதா?" என்று பயிற்சியாளர் உலுக்கிவிட்டார். கொடுத்த காசுக்குப் பலன் அங்கேயே கிடைத்துவிட்டது.

கையேடுதான் பழசு. 2023இல் தேர்வு வடிவம் மாறி, 20 நிமிட கன்சல்டேஷன் இரண்டு வந்துவிட்டது. நோயாளியிடம் 15 நிமிடம், மீதி 5 தேர்வாளர்களுக்கு. அதற்குள் விசாரித்து, பரிசோதித்து, அவர் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். கையேடோ பழைய வடிவத்தில் ஐந்தாம் ஸ்டேஷன் என்ற தேர்வுச் சுற்றின் 10 நிமிடக் கணக்கிலேயே நிற்கிறது. குழுவும் பெரிசு, பாதி நேரம் வேடிக்கை பார்ப்பதில் போனது. சாப்பாடு சாண்ட்விச், சரி விடுங்கள்.

ஏழு திறன்களிலும் தனித்தனியாகத் தேற வேண்டிய தேர்வு இது. நோய்க்குறிகளைக் கண்டுபிடிப்பதில் தடுமாறுபவர்கள் தாராளமாகப் போகலாம். நோயாளியிடம் பேசும் திறனைச் சோதிக்கும் பகுதிக்கு மட்டும் என்றால் வேண்டாம். வார்டில் கூட வேலை செய்பவரை நோயாளியாக உட்காரவைத்து, டைமர் போட்டுப் பேசிப் பழகினால் போதும்.