விடுமுறைக்கு முந்தைய வாரங்கள்: கொண்டாட்டமா, வழக்கமான வகுப்பா, கைவேலையா, மனம்விட்டுப் பேசும் வட்டமா?

நீண்ட விடுமுறை நெருங்கும் வாரங்களில் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் ஒரு தெரிவைச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆடல், பாடல், நாடகம் என்று விழா எடுக்கலாம். கடைசி மணி அடிக்கும் வரை கால அட்டவணையை மாற்றாமல் நடத்தலாம். பிறருக்குக் கொடுப்பதற்காகப் பிள்ளைகளை எதையாவது செய்ய வைக்கலாம். வட்டமாக அமர்த்தி மனத்தில் உள்ளதைப் பேசச் சொல்லலாம். இந்த நான்கையும் எடைபோடும் ஆசிரியர்கள் பெரும்பாலும் வகுப்பின் ஒட்டுமொத்த உற்சாகத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். ஆனால் விடுமுறையை எண்ணி மகிழும் பிள்ளைக்கு எந்த ஏற்பாடும் நன்றாகவே அமைந்துவிடும். ஆகவே, விடுமுறையை எண்ணிக் கலங்கும் பிள்ளைக்கு எது துணை நிற்கிறது என்பதைக் கொண்டே இவற்றை ஒப்பிட வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

அத்தகைய பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அருகிலேயே இருக்கிறார்கள். பிரிந்து வாழும் பெற்றோரில் யாரிடம் எத்தனை நாள் இருக்கப்போகிறோம் என்று தெரியாத பிள்ளை, சென்ற விடுமுறையில் உடனிருந்த பாட்டியை இந்த ஆண்டு இழந்துவிட்ட பிள்ளை, பள்ளியில் கிடைக்கும் உணவையே அன்றைய முழு உணவாக நம்பியிருக்கும் பிள்ளை, தன்னைப் பொறுமையாகக் கேட்கும் ஒரே பெரியவர் ஆசிரியர்தான் என்றிருக்கும் பிள்ளை ஆகியோருக்கு விடுமுறை என்பது ஒரு பாதுகாப்பு விலகுவதாகவே தெரியும். ஏழெட்டு வயதில் இதைச் சொல்லில் வைக்க வராது. காரணமில்லாத வயிற்றுவலி, சட்டென்று வரும் அழுகை, நண்பனோடு அடிதடி, முடிக்காமல் கிழித்துப் போடும் தாள் என்று அது வெளிப்படும். விடுமுறை வரப்போகிற துள்ளல் என்று பெரியவர்கள் அதைத் தள்ளிவிடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

முதலில் விழாவை எடுத்துக்கொள்வோம். பாடத்தில் பின்தங்கிய பிள்ளை மேடையில் ஒளிர்வதும், பள்ளி முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து பாடுவதும் வேறு எதிலும் கிடைக்காதவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒத்திகைக்காக வகுப்புகள் கலைகின்றன. இரைச்சலைத் தாங்க முடியாத பிள்ளைகள் தவிக்கிறார்கள். யார் வீட்டிலிருந்து யார் பார்க்க வந்தார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது. இவற்றையெல்லாம்விடக் கடுமையானது, ஒழுங்காக நடந்துகொண்டால்தான் விழாவில் இடம் என்ற நிபந்தனை. அச்சம் முரட்டுத்தனமாக வெளிப்படும் பிள்ளையையே அது முதலில் வெளியே நிறுத்துகிறது. ஆதரவு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதே ஆதரவைத் தண்டனையாகப் பறிப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

வழக்கமான வகுப்பு இதற்கு நேர் எதிரானது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதே சிறு பிள்ளைக்குப் பெரிய நிம்மதி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். எனினும் விடுமுறையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் பாடத்தை மட்டும் நடத்திக்கொண்டே போவது, வரப்போகும் பிரிவை மூடி மறைப்பதாகிவிடும். இன்னும் எத்தனை நாள் வகுப்பு, எந்த நாள் மூடுகிறோம், எந்த நாள் திரும்ப வருகிறோம் என்பதைச் சுவரில் ஒரு நாட்காட்டியாக வரைந்து, பள்ளி திறக்கும் நாளையும் அதில் பெரிதாகக் காட்டினால் அந்தக் குறை நீங்கும்.

பிறருக்காகச் செய்யும் கைவேலைக்கு ஆய்வுகளின் துணையும் உண்டு. லாரா அக்னினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் தின்பண்டத்தைப் பெறும்போது காட்டியதைவிட மற்றவருக்குக் கொடுக்கும்போது அதிக மகிழ்ச்சியை முகத்தில் காட்டினர். ஆனால் அதற்குப் பரிசு அறிவிக்கும் ஆசை பள்ளிகளை விடுவதில்லை. பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி வரைய வைக்கப்பட்ட மழலையர், பின்னர் தாமாக வரைவதில் குறைந்த ஆர்வமே காட்டினர் என்பதை மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் 1973-லேயே காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வாங்கிவந்து பரிமாறும் பரிசு முறையும் எனக்கு உடன்பாடானதன்று. வீட்டின் வசதி அங்கே பட்டவர்த்தனமாகிவிடும். வகுப்பில் உள்ள பொதுவான தாள், வண்ணம், நூல் ஆகியவற்றைக் கொண்டே செய்ய வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். ‘அம்மாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டால், அம்மா இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

நான்காவதாகப் பேச்சு வட்டம். உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுவது அதன் வேகத்தைத் தணிக்கும் என்ற கருத்துக்கு அடிப்படை இருக்கிறது: மேத்யூ லீபர்மனின் குழு 2007-இல் வெளியிட்ட மூளை வரைவு ஆய்வில், முகங்களில் தெரிந்த உணர்ச்சியைச் சொல்லால் குறித்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது. அதில் பங்கேற்றவர்கள் வளர்ந்தவர்கள் என்பதையும், முப்பது பேர் முன்னிலையில் யாரும் அவர்களைப் பேசச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வகுப்பில் வெளிப்பட்ட வீட்டுச் செய்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. விளையாட்டு நேரத்தில் அதுவே கேலியாக மாறலாம். அதனால் வட்டத்தைவிட, மனநிலையைக் காட்டும் வண்ண அட்டை, ஆசிரியர் மட்டும் திறக்கும் ஒரு கடிதப் பெட்டி, பேச விருப்பமில்லை என்று சொல்லும் உரிமை ஆகியவை பாதுகாப்பானவை. இதையும் கடைசி நாளில் தொடங்கக்கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நேரும் துன்பத்தைச் சொல்லிவிட்டால், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்க முடியாது. பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவித்து, தொடர் நடவடிக்கை எடுக்க நாட்கள் தேவைப்படும். பூட்டிய பள்ளியால் அதைச் செய்ய இயலாது.

ஆகவே என் தெரிவு, மாறாத காலை வகுப்புகளும், பிற்பகலில் வாரம் இருமுறை அமைதியான கைவேலையும், அதன் ஓரமாக எப்போதும் திறந்திருக்கும் கடிதப் பெட்டியும்தான். விழா வேண்டுமென்றால் அதைச் சிறிதாக்கி, நிபந்தனையின்றி எல்லோரையும் சேர்த்து, கடைசி நாளுக்குச் சில நாட்கள் முன்பே முடித்துவிடலாம்.

விடுமுறைக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு கூறுகிறது. நோட்டுப் புத்தகம் நிரப்பும் வேலையைவிட, விரும்பியதைப் படிப்பதற்கு இரண்டு புத்தகங்களைக் கையில் கொடுத்தனுப்புவது மேல்.

பள்ளி திறக்கும் நாளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ‘விடுமுறையில் எங்கே போனாய்?’ என்ற கட்டுரை, எங்கும் போகாத பிள்ளையைப் பொய் எழுத வைக்கும். ‘இந்த வகுப்பில் உனக்கு எது ஞாபகம் வந்தது?’, ‘யாரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது?’ என்று கேட்டால் ஊருக்குப் போய்வந்த பிள்ளையும் வீட்டிலேயே இருந்த பிள்ளையும் கூச்சமின்றிப் பதில் சொல்லலாம். கைவேலையில் முடிக்காமல் விட்டதை அன்றே எடுத்துத் தொடரச் செய்வதும் நல்லது. தன் இடம் தனக்காகக் காத்திருந்தது என்று பிள்ளைக்கு அதில் புரியும்.