ட்ராக் டே சீசனுக்கு மொத்தமாகப் பணம் கட்டப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

ட்ராக் டே என்பது நம் சொந்த வண்டியைப் பணம் கட்டி ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். 2024 நவம்பரில், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், என் ஸ்விஃப்டின் பிரேக் பெடல் தரை வரைக்கும் போனது. அன்றைய மூன்றாவது செஷன் (ஒரு தடவை டிராக்கில் ஓட்டவிடும் நேரம்), ஐந்தாவது லேப் (சுற்று). நேர்ப்பாதையில் 140-ஐ நெருங்கி வந்து, வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. மறுபடி மிதித்தேன், இன்னும் கீழே போனது. கியரைக் குறைத்துக்கொண்டே வண்டியை மண்ணில் இறக்கினேன். டிராக் ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கி வைத்த தடுப்பில் மோதித்தான் நின்றது. எனக்கு ஒரு கீறல் இல்லை. மார்ஷல்கள் (டிராக்கின் பாதுகாப்புப் பணியாளர்கள்) ஓடிவந்த வேகத்தை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். டிராக் மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. என் குறையெல்லாம் எனக்கு ஆறு மாத சீசன் 'பேக்கேஜ்' விற்றவர் மீதும், அவர் கைகாட்டிய பட்டறை மீதும்தான். புகார் நடப்பதால் பெயர்களை எழுதவில்லை.

அந்தப் பேக்கேஜ் இதுதான்: அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் ஒரு ஞாயிறு, ஆக ஆறு நாள். ஐந்து நாள் இருங்காட்டுக்கோட்டையில், பிப்ரவரி நாள் மட்டும் கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில். நாளுக்கு 12,000 வீதம் 72,000. நான்கு புது டயர் 28,000. பிரேக் பேட், பிரேக் ஆயில், வண்டிச் சோதனை 14,000. ஹெல்மெட் வாடகை, சாப்பாடு, புகைப்படம் 12,000. மொத்தம் 1,26,000 ரூபாய். "தம்பி, இதுக்கு மேல ஒரு ரூபா செலவு கிடையாது. தனித்தனியா கட்டுனா ரெண்டு லட்சம் ஆகும்" என்றார் விற்றவர். ஒன்றரை வருடமாகச் சேர்த்த பணம். முழுவதையும் செப்டம்பரிலேயே கொடுத்தேன். பாதி ரொக்கம், பாதி அவருடைய சொந்த எண்ணுக்கு ஜிபே. ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு "சீசன் முடியட்டும், மொத்தமா போட்டுத் தர்றேன்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

மோதிய வண்டியை அவர் சொன்ன பட்டறைக்கு மறுபடி கொண்டுபோக மனம் வரவில்லை. அம்பத்தூரில் எங்கள் குடும்ப வண்டிகளைப் பத்து வருடமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனேன். முன்சக்கரத்தின் ப்ளீடர் நட்டை (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) தளர்த்தி, ஒரு வெள்ளைத் தண்ணீர் பாட்டிலில் பிரேக் ஆயிலைப் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "சார், இது ஆறு வாரத்துக்கு முன்னாடி மாத்துன ஆயில் இல்ல. பாருங்க, டிகாஷன் மாதிரி இருக்கு." மேலே டப்பாவில் இருந்தது மட்டும் இளமஞ்சளாக, புதிதாக இருந்தது. அதாவது டப்பாவில் இருந்த பழையதை உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்றியிருக்கிறார்கள். குழாயிலும் காலிப்பரிலும் (சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பழைய ஆயில் அப்படியே. என் கையில் இருந்த துண்டுச்சீட்டிலோ 'டாட் 5.1, முழுவதும் மாற்றப்பட்டது' என்று எழுதியிருந்தது (டாட் 4, டாட் 5.1 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள்).

இது சின்ன ஏமாற்று இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதே டாட் 4-க்கு அந்தக் குறைந்தபட்சம் 155-தான். டாட் 5.1-க்கு 260, ஈரம் ஏறினால் 180. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. டிராக்கில் லேப்புக்கு லேப் பேட் சூடேறி, அந்தச் சூடு காலிப்பருக்கு இறங்கும். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால், நாம் மிதிக்கிற அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். வண்டி நிற்காது. அன்று பக்கத்து இருக்கையில் என் தங்கையை உட்காரவைத்துப் போகலாம் என்று காலையில் பேசிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அதே மெக்கானிக் வண்டியை மேலே தூக்கினபோது டயரையும் பார்த்தார். டயரின் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பல டயர்களில் அந்த நான்கு இலக்கம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். என் நான்கு டயரிலும் அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. டார்ச் அடித்துப் படித்தோம்: 3419. 2019-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். 2024 செப்டம்பரில் 'புது டயர்' என்று 28,000 வாங்கிக்கொண்டு மாட்டியது, ஐந்து வருடம் எங்கோ கிடந்த சரக்கு. பட்டன் (டயரின் மேல்வரிப் பள்ளங்கள்) ஆழமாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் ரப்பர் இறுகிப் போயிருந்தது. அக்டோபரில் வண்டி வளைவில் வழுக்கியதற்கு என் ஓட்டும் முறைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்க பம்பர், ரேடியேட்டர், ஒரு ஹெட்லைட், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 38,000. இழுத்துவந்த வண்டிக்கு 4,500. இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். "உன் பம்பர் டு பம்பர் பாலிசி போதும் தம்பி" என்று பேக்கேஜ் விற்றவர் செப்டம்பரில் சொன்னது வடிகட்டின பொய். உங்கள் கார் பாலிசியை எடுத்து, பயன்பாட்டு வரம்புகள் என்ற பத்தியைப் படியுங்கள். வாடகைக்கு விடுவது, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இதற்கெல்லாம் பாதுகாப்பு கிடையாது என்று தெளிவாகப் போட்டிருக்கும். டிராக்கில் வண்டி அடிபட்டால் அது முழுக்க நம் கைக்காசு. சீசனுக்குப் பட்ஜெட் போடும்போது முதலில் எழுத வேண்டிய வரி அதுதான். அவருடைய தாளில் அந்த வரியே இல்லை.

மூன்றாவது நாள் டிசம்பர் 1. முந்தைய நாள்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. நிகழ்வு ரத்து. புயலுக்கு யாரும் பொறுப்பில்லை, சரி. ஆனால் சென்னையில் நவம்பர், டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மழையால் ரத்தானால் பணம் திரும்பாது என்று விதியும் எழுதி, இரண்டு நாளை அந்த மாதங்களில் வைத்தால் அதற்கு என்ன பொருள்? மாற்றுத் தேதி கேட்டோம். அந்த நாளுக்கு டிராக்கில் கட்டிய முன்பதிவு ரசீதையாவது காட்டுங்கள் என்று அதே பேக்கேஜ் வாங்கிய ஒன்பது பேர் சேர்ந்து கேட்டோம். இன்றுவரை காட்டவில்லை.

ஜனவரியில் நடந்தது. ஆனால் அரை நாள். நான்கு இருபது நிமிட செஷன் என்பது மூன்று பதினைந்து நிமிடமாகச் சுருங்கியது. புதிதாகச் சேர்த்த ஆட்களால் ஒவ்வொரு பிரிவிலும் வண்டி நெரிசல். கோவை நாளுக்காக நான் ஹோட்டல் போட்டு, போகவர ஆயிரம் கிலோமீட்டருக்குப் பெட்ரோலும் சுங்கமும் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன் (அதுவும் அவர் தாளில் இல்லை). இரண்டு நாள் முன்பு 'தள்ளிவைப்பு' என்று வாட்ஸ்அப் வந்தது. மார்ச் நாளுக்கு அந்தச் செய்திகூட இல்லை. குழுவிலிருந்து எங்களை நீக்கிவிட்டார்.

ஆக, 1,26,000 கட்டி எனக்குக் கிடைத்தது இரண்டரை நாள். அதற்கு மேல் 42,500 பழுதுக்கு. பெட்ரோல் தனி: 3.7 கிலோமீட்டர் டிராக்கில் இருபது நிமிடத்துக்கு எட்டு லேப், நான்கு செஷனுக்குக் கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டர்தான் மைலேஜ் கொடுத்தது, எனவே நாளுக்கு 20 லிட்டர், இரண்டாயிரம் ரூபாய்.

இந்த வருடமும் ஓட்டப் போகிறேன். வேறு ஒரு குழுவோடு, ஒவ்வொரு நாளுக்கும் அந்தந்த நேரத்தில் பணம் கட்டி. ஆறு நாள் ஆசையை விட்டு மூன்று நாள், ஜனவரிக்குப் பிறகுதான். நுழைவுக் கட்டணத்துக்கு ஒதுக்கியதைவிட அதிகமாக, 50,000 ரூபாயை மோதலுக்கென்று வங்கியில் தொடாமல் வைத்திருக்கிறேன். அந்தத் தொகை இல்லாத மாதத்தில் டிராக்குக்குப் போகமாட்டேன். பிரேக் ஆயிலை நான் பக்கத்தில் நிற்கும்போதுதான் மாற்றுவேன். சீல் உடைக்காத டப்பாவை நானே வாங்கிக் கொடுத்து, நான்கு சக்கரத்திலும் புது ஆயில் நிறம் வரும்வரை ஏர் எடுக்கச் சொல்வேன். டயரைச் சக்கரத்தில் மாட்டும் முன்பே அந்த நான்கு இலக்கத்தைப் போட்டோ எடுப்பேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்தேன். பேக்கேஜ் விற்றவர் பதில் தராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

ஜனவரி நாளில் என் பக்கத்துப் பிட்டில் (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) சிவப்பு போலோ காரோடு நின்ற தம்பி இதைப் படித்தால்: நீங்கள் மொத்தத்தையும் கடன் வாங்கிக் கட்டியதாகச் சொன்னீர்கள், பில் எதுவும் இல்லை என்று கைவிட்டுவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். ஜிபே பதிவும் வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தால் அவையும் ஆதாரம்தான். அழிக்காமல் வைத்திருங்கள். நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம், நீங்களும் வாருங்கள்.