‘ஒறிஜினல்’ என்று விற்கும் கிளாரினற் புத்தகம்: உறையைப் பிரித்துக் காட்டாவிட்டால் வாங்காதீர்கள்

யாழ் நகரில் ஒரு கடை, குளோசே எழுதிய கிளாரினற் பயிற்சிப் புத்தகம், ‘குளோசே மெதட், ஒறிஜினல்’ என்று சொல்லி 6,500 ரூபாவுக்கு விற்றது வெறும் போட்டோக் கொப்பி. பளபளக்கும் நிற அட்டை, மேலே பொலித்தீன் உறை. பாடசாலை பான்டில் வாசிக்கும் பிள்ளைக்காக வாங்கிய பெற்றோர் மறுநாளே திருப்பிக் கொண்டுபோக, “உறை கிழிச்சா நாங்கள் திருப்பி எடுக்கிறேல்லை” என்று கையை விரித்துவிட்டார்கள். பற்றுச்சீட்டில் ‘புத்தகம் 1’ என்று மட்டும் இருக்கிறது.

கொப்பி என்றாலும் வாசிக்க உதவினால் பரவாயில்லை. இந்தப் பழைய மெதட் புத்தகங்கள் பலவும் 9க்கு 12 அங்குலத்தில் அச்சானவை. அகலம் ஏறக்குறைய 229 மில்லிமீற்றர். ஏ4 தாளின் அகலம் 210. சுருக்காமல் எடுத்ததால் இடது ஓரம் வெட்டுப்பட்டு, எந்த ஸ்கேல் என்று காட்டும் வரித் தொடக்கத்துக் குறிகள் போய்விட்டன. நாலு சார்ப் உள்ள ஈ மேஜரில் கடைசி இரண்டுதான் மிச்சம். பிள்ளை அதை என்ன ஸ்கேல் என்று பிடிக்கும்?

சுண்டுவிரலுக்கான எல் (இடக்கை), ஆர் (வலக்கை) குறிகளும் பல இடத்தில் வெளிறிப் போயின. கீழ் ஈ, எஃப், எஃப் சார்ப் மூன்றுக்கும் இரண்டு கைப் பக்கமும் சாவி உண்டு. எந்தக் கையால் தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஒரே விரல் சாவிக்குச் சாவி வழுக்க வேண்டிவரும். வேகம் கூடினால் இடையில் வேண்டாத சுரம் கேட்கும்.

இதைவிட மோசம் விரல் அட்டவணை. சில பதிப்புகளில் போம், அல்பேர்ட் என்று கிளாரினற்றின் இரண்டு சாவி அமைப்பு முறைக்கும் அட்டவணை இருக்கும். இதில் விட்டுவைத்தது அல்பேர்ட்டை மட்டும்! இப்போது விற்கும் மாணவர் கிளாரினற் அநேகமாக எல்லாம் 17 சாவி, 6 வளையம் உள்ள போம் முறை. கடையிலேயே சோதிக்கலாம்: அட்டவணையில் ஐந்தாம் கோட்டு எஃப்பைப் பாருங்கள். இடக்கை முழுக்க மூடி, ரெஜிஸ்டர் சாவியோடு (இடக்கைப் பெருவிரலால் அழுத்துவது), வலக்கையில் சுட்டுவிரல் மட்டும் என்றால் போம். அல்பேர்ட்டில் அதே விரல்பிடி எஃப் சார்ப் தரும்.

குளோசேயின் புத்தகம் 1843இல் வந்தது; அவர் இறந்தது 1880இல். ஆகவே பதிப்புரிமை முடிந்த பழைய பதிப்புகளை ஐஎம்எஸ்எல்பி என்ற இசைப் புத்தக இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். பிரின்ட் எடுக்கும்போது 90 வீதத்துக்குச் சுருக்கச் சொல்லுங்கள், ஓரம் தப்பும். ஸ்பைரல் போட்டால் ஸ்டாண்டில் விரிந்து நிற்கும். ஆனால் கீழ் ஸ்தாயியின் உச்சியில் உள்ள தொண்டைச் சுரம் ஏ-யிலிருந்து மேல் பி-க்கு இன்னும் ஒழுங்காகத் தாண்டாத பிள்ளைக்குக் குளோசேயே வேண்டாம். படிப்படியாகப் போகும் தொடக்கப் புத்தகம் ஒன்று போதும்.

முகநூலில் ஓடர் பண்ணுபவர்கள் காசு போட முதல் தலைப்புப் பக்கம், விரல் அட்டவணை, நடுவில் ஒரு ஸ்கேல் பக்கம் மூன்றையும் ஓரம் தெரியப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் பதிப்பகத்தின் பெயரும் ‘அச்சுப் பிரதி’ என்றும் எழுதி வாங்குங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடும்போது கையில் காட்ட அதுதான் இருக்கும்.