லீவு நாளிலும் ரேசரா? சிப்பாயின் தாடி பற்றி ஓர் ஒப்பீடு

என் அண்ணன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தால், முதல் நாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து ஷேவ் செய்துவிடுவார். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் பார்க்கப்போவதும் இல்லை. கை பழகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் ரேசரைத் தொடாமல் விடுவார். பத்து நாள் போனால் கழுத்தில் சிவந்து தடித்திருந்த சிறு கட்டிகள் அடங்க ஆரம்பிக்கும். அந்தக் கழுத்தைப் பல வருடம் பார்த்ததால்தான், பணியில் இல்லாத நேரத்திலும் சிப்பாய் ஷேவ் செய்தாக வேண்டுமா என்ற விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆனாலும் எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். "பணியில் இல்லாத நேரம்" என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு நிலைகள் அதில் கலந்துவிடுகின்றன. ஒன்று, வேலை முடிந்து மறுநாள் காலை அணிவகுப்பு வரை உள்ள மாலை நேரம், அல்லது வாரக் கடைசி இரண்டு நாள். ஆள் முகாமிலேயே இருப்பார், கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்து நிற்க வேண்டும். இன்னொன்று, கையெழுத்துப் போட்டு வாங்கிய லீவு. இரண்டு வாரமோ ஒரு மாதமோ வீட்டில், சொந்த உடையில் இருப்பார். இந்த இரண்டுக்கும் ஒரே விதி போட முயல்வதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது.

சரி, மோதும் வழிகள் மூன்று. எப்போதும் எங்கேயும் மழித்த முகம் என்பது முதல் வழி. பணியில் மழித்த முகம், லீவில் அவரவர் விருப்பம் என்பது இரண்டாவது. தாடியையே ஒழுங்கான அளவில் அனுமதித்துவிட்டு இந்தக் கேள்வியையே இல்லாமல் செய்துவிடுவது மூன்றாவது.

முகமூடி சொல்லும் காரணம்

முதல் வழிக்காரர்களின் வலுவான வாதம் நச்சுவாயு முகமூடி. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட பிறகு, முகமூடி சிப்பாயின் உடைமைகளில் ஒன்றாகிவிட்டது. அதன் ரப்பர் விளிம்பு தோலோடு நேராக ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் முடி இருந்தால் காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளே வரும். நீளத் தாடிதான் என்றில்லை, சில நாள் முள்முடி கூட ஒட்டுதலைக் கெடுக்கும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதிகளும் இறுக்கமாகப் பொருந்தும் சுவாசக் கவசத்தின் விளிம்புக்கும் முகத்துக்கும் இடையில் முடி இருக்கக் கூடாது என்றே சொல்கின்றன. ஆக, இது பட்டாளத்தின் பிடிவாதம் மட்டும் இல்லை.

மழித்த முகம் உலகம் முழுக்கப் பரவியதற்கும் அந்தப் போருக்கும் தொடர்பு உண்டு. 1918-ல் ஜில்லெட் நிறுவனம் அமெரிக்கப் படைக்கு 35 லட்சம் ரேசர்களும் 3 கோடியே 20 லட்சம் பிளேடுகளும் கொடுத்தது. வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

இந்த வாதத்தை நான் முழுசாக ஏற்கிறேன். ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்று பாருங்கள். முகமூடி போடும் நேரத்தில் முகம் மழித்திருக்க வேண்டும் என்பதைத்தான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் முகமூடியே இல்லை. அவசரமாகத் திரும்பி வரச் சொல்லித் தகவல் வந்தாலும், பெட்டி கட்டி, வண்டி பிடித்து, படைப்பிரிவுக்குப் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். தாடியை எடுக்க ஆவது கால் மணி நேரம். உடல் தகுதி போய்விட்டால் மீட்க மாதக்கணக்கில் ஆகும், குறி பார்க்கும் கை தளர்ந்தாலும் அப்படித்தான். அந்த இரண்டையும் லீவில் யாரும் வந்து சோதிப்பதில்லை. கால் மணி நேரத்தில் சரியாகிற ஒன்றை மட்டும் மாதம் முழுக்கக் காவல் காப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

முகாமிலேயே இருப்பவரின் கதை வேறு. காவல் பட்டியலில் பெயர் இருந்தாலோ, உடனடி அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டிய முறை வந்தாலோ, அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் ஷேவ் செய்துதான் ஆக வேண்டும். அங்கே முதல் வழிதான் சரி.

ஒழுக்கம் என்ற வாதம்

அடுத்தது பழக்கம். "ஒரு நாள் விட்டால் ரெண்டு நாள் விடுவான், அப்புறம் பூட்ஸும் பாலிஷ் இருக்காது" என்று பழைய சார்ஜென்ட்கள் சொல்வார்கள். பயிற்சி காலத்தில் இது உண்மை. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில மாதங்களில் ரேசர் ஒரு பாடம். தினமும், தூக்கம் போதாமல், குளிர்ந்த தண்ணீரில், கண்ணாடி இல்லாமல் செய்யக் கற்றுக்கொள்வதில் ஒரு பலன் இருக்கிறது. பயிற்சியில் உள்ளவருக்கு வாரக் கடைசி அனுமதியிலும் ஷேவ் கட்டாயம் என்றால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் ஒழுக்கம் முடியில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பிரிட்டிஷ் படையின் மீசையை நினைவுபடுத்துவேன். அங்கே பல பத்தாண்டுகளாக மேலுதட்டைச் சிரைக்கக் கூடாது என்பதுதான் விதி. மீசையை எடுத்தவர்தான் ஒழுங்கை மீறியவர். முதல் உலகப் போரின் நடுவே, 1916 அக்டோபரில்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சு அந்நியப் படையணியில், கோடரியும் தோல் ஏப்ரனுமாக அணிவகுக்கும் முன்னோடிப் பிரிவினருக்கு இன்றும் தாடி அடையாளம். அங்கே மழித்த முகத்தோடு வந்து நின்றால்தான் கேள்வி வரும். ஒரு படையில் குற்றமாக இருப்பது இன்னொரு படையில் கடமையாக இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, சொன்ன நேரத்தில் சொன்னபடி வந்து நிற்பது. லீவு முடிந்த காலையில் சிப்பாய் அப்படி நிற்கிறாரா என்பதைப் பார்த்தாலே ஒழுக்கம் தெரிந்துவிடும்.

லீவில் அவரவர் விருப்பம் என்ற யோசனை வெறும் பேச்சாகவும் நின்றுவிடவில்லை. 2012-ல் அமெரிக்கத் தரைப்படையில் தோற்ற விதிகளைத் திருத்தும் முயற்சி நடந்தபோது, லீவிலும் மழித்த முகம் வேண்டும் என்ற முன்மொழிவு அதில் இருந்தது. 2014 மார்ச் இறுதியில் வெளிவந்த விதிநூலில் அது இல்லை. சீருடையில் இருக்கும்போதும், சாதாரண உடையில் பணியில் இருக்கும்போதும் முகம் மழித்திருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தோற்ற விஷயத்தில் மிகக் கண்டிப்பான ஒரு படையே, யோசித்துப் பார்த்து, எல்லைக்கோட்டை அந்த இடத்தில் போட்டது.

தோல் கேட்கும் ஓய்வு

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சுருள்முடி உள்ளவர்களுக்கு நெருக்கமாக ஷேவ் செய்யும்போது முடியின் நுனி ஈட்டி போலக் கூராகிவிடுகிறது. வளரும்போது அது வளைந்து மீண்டும் தோலுக்குள்ளேயே குத்தும். உடல் அதை வெளியிலிருந்து வந்த முள்ளாக நினைத்து எதிர்க்கும். அதனால்தான் கட்டி, சீழ், கருத்த தழும்பு எல்லாம். கறுப்பின ஆண்களில் 45 முதல் 83 சதவீதம் பேருக்கு இது வருவதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. முடியில் சுருள் உள்ள மற்றவர்களுக்கும் வரும். களிம்புகள் கொஞ்சம் உதவும். ஆனால் உண்மையான மருந்து ரேசரை நிறுத்துவதுதான். உள்ளே புதைந்த முடிகள் தாமாக வெளியே வந்து நிமிர சுமார் நான்கு வாரம் வேண்டும்.

நான்கு வாரம் என்பது ஏறக்குறைய ஒரு நீண்ட லீவு. முதல் வழி இங்கேதான் எனக்குக் கொடுமையாகத் தெரிகிறது. வருடம் முழுக்க ஒருவருடைய தோல் அடி வாங்குகிறது, ஆறுவதற்கு இருக்கும் ஒரே இடைவெளி லீவு. அதையும் பறித்துக்கொண்டு என்ன பெறப்போகிறோம்? கழுத்தில் ரத்தம் கசிகிற ஒருவருக்கு முகமூடியின் பட்டையும் கவசத்தின் காலரும் உரசும்போது என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இதன் அவசரம் சமீபத்தில் கூடியிருக்கிறது. அமெரிக்கத் தரைப்படையில் இந்தத் தோல் பிரச்சினைக்காக ஷேவ் செய்வதிலிருந்து மருத்துவ விலக்கு தருவது வெகுகால வழக்கம். 2025-ல் அந்த விலக்கை இறுக்கினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் விலக்கு தேவைப்பட்டால் பணியிலிருந்தே அனுப்பப்படலாம் என்ற நிலை வந்தது. அந்தச் செப்டம்பர் 30 அன்று குவான்டிகோ படைத்தளத்தில் தளபதிகள் முன் பேசிய பாதுகாப்புத் துறைத் தலைவர் பீட் ஹெக்செத், தாடிக்காரர்களின் காலம் முடிந்தது என்ற தொனியில் பேசினார். பணி நாட்களில் கதவு இப்படி மூடும்போது, லீவு நாள் அந்தச் சிப்பாய்க்கு இன்னும் முக்கியமாகிவிடுகிறது.

அடையாளம்

"சாதாரண உடையிலும் சிப்பாய் சிப்பாய்தான், படையின் முகம் அவர்" என்றும் சொல்வார்கள். ஆனால் தெருவில் போகும் தாடிக்காரர் எந்தப் படை என்று யாருக்குத் தெரியும்? ஒட்ட வெட்டிய தலையும் வழுவழுப்பான கன்னமும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 1971 மார்ச் 10 அன்று வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில், பணியில் இல்லாமல் சாதாரண உடையில் மது அருந்திக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படையின் மூன்று ஸ்காட்லாந்துச் சிப்பாய்களை நைச்சியமாக அழைத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் முகம் மழித்திருந்ததால்தான் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. பணியில் இல்லாதபோது கூட்டத்தோடு கலந்திருப்பது ஒரு பாதுகாப்பு என்றுதான் சொல்கிறேன். 2001-ல் ஆப்கானிஸ்தானுக்குப் போன அமெரிக்கச் சிறப்புப் படையினர் அங்குள்ளவர்களோடு ஒட்டிப்போகத் தாடி வளர்த்தார்கள். கலந்துபோக முகம் உதவும் என்பது படைகளுக்குத் தெரியாததல்ல.

மூன்றாவது வழி

கனடா 2018 செப்டம்பரில் தன் படையினருக்குத் தாடியை அனுமதித்தது. பிரிட்டிஷ் தரைப்படை 2024 மார்ச் இறுதியில் பின்தொடர்ந்தது. நீளம் 2.5 மில்லிமீட்டர் முதல் 25.5 மில்லிமீட்டர் வரை, திட்டுத்திட்டாக இருக்கக் கூடாது, களத்தில் தேவை வந்தால் எடுத்தாக வேண்டும் என்று நிபந்தனைகள். மதத்தின்படி முடியை எடுக்காத சீக்கியர்களுக்கு இந்த விவாதமே பொருந்தாது. அவர்களுக்குப் பணி நாள், லீவு நாள் என்ற வேறுபாடு கிடையாது.

தாடி அனுமதித்த படையிலும் லீவுக்கு ஒரு தனி இடம் இருப்பது சுவையான விஷயம். தாடி ஒரே நாளில் வந்துவிடாது. முதல் இரண்டு வாரம் யார் முகமும் சோம்பேறி முகமாகத்தான் தெரியும். ஜெர்மன் படை இதை நேராக விதியிலேயே எழுதியது: தாடி வேண்டுமென்றால் லீவில் வளர்த்துக்கொண்டு வா. பிரிட்டிஷ் கடற்படையில் வேறு ஏற்பாடு. அங்கே ஷேவ் செய்வதை நிறுத்த அனுமதி கேட்க வேண்டும். குறித்த காலம் கழித்து மேலதிகாரி பார்ப்பார். தாடியும் மீசையும் அடர்த்தியாகச் சேர்ந்து வரவில்லை என்றால் மறுபடி ரேசர்தான்.

இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. அமெரிக்கக் கடற்படையில் 1970-ல் அதன் தலைவராக இருந்த அட்மிரல் சும்வால்ட் தாடிக்குக் கதவைத் திறந்தார். 1984 முடிவோடு அது மூடப்பட்டது. மேலே ஆள் மாறினால் விதியும் மாறுகிறது. அதுவரை லீவில் சுதந்திரம் என்ற இரண்டாவது வழிதான் எந்தப் படையிலும் யாருக்கும் இழப்பில்லாமல் நடக்கக்கூடியது.

ஆகவே என் தேர்வு இப்படி. லீவில் ரேசர் கட்டாயம் வேண்டாம், ஒருவருக்கும் வேண்டாம். முகாமில் வாரக் கடைசியில் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கும் வேண்டாம். சீருடையை மாட்டினால், அது சொந்த ஊர்க் கல்யாணத்துக்காக இருந்தாலும், ஷேவ் செய்துவிட வேண்டும். பயிற்சியில் இருப்பவர்கள் மட்டும் பயிற்சி முடியும்வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

லீவு முடிந்து திரும்புகிறவர்களுக்கு அண்ணனிடம் கற்ற ஒரு விஷயம். நாலு வாரத் தாடியில் நேராக ரேசரை வைக்காதீர்கள். அணிவகுப்பு நாள் காலையில் அவசர அவசரமாகவும் வேண்டாம். அவர் கிளம்புவதற்கு முந்தின மாலை முதலில் டிரிம்மரால் ஒட்டக் குறைப்பார். அப்புறம் வெந்நீரில் நனைத்த துண்டை ஐந்து நிமிடம் கன்னத்தில் வைத்திருப்பார். புது பிளேடு, முடி வளரும் திசையிலேயே, தோலை இழுக்காமல், ஒரே ஒரு தடவை. இரவில் சிவப்பு அடங்கிவிடும். காலையில் பெட்டியைத் தூக்கும்போது கழுத்து சுத்தமாக இருக்கும்.