அடுப்புக்குப் பின்னால் ஒரே டைல்: ஆறு வருட அனுபவம்

எங்கள் வீட்டு அடுப்பு மேடையின் பின்சுவரை இரண்டு விதமாகப் பார்த்துவிட்டேன். 2011இல் மதுரையில் வீடு கட்டியபோது ஒட்டிய டைல்ஸ் எட்டு வருடம் இருந்தது. 2019இல் அதை உடைத்துவிட்டு ஒட்டியது இப்போது ஆறு வருடமாக இருக்கிறது. இரண்டையும் தினமும் துடைப்பது நான்தான். அதனால் கடையில் யாரும் சொல்லாத சில விஷயங்களை எழுதுகிறேன்.

முதலில் ஒட்டியது 12க்கு 18 இன்ச் செராமிக். க்ரீம் நிறம், நடுவில் பழக்கூடை படம் போட்ட ஹைலைட்டர் நாலு. பார்க்க அவ்வளவு அழகு. ஜாயிண்ட்டை வெள்ளை சிமெண்டால் அடைத்தார்கள், அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். நாலே மாதத்தில் அடுப்புக்கு நேர் பின்னால் இருந்த கோடுகள் மட்டும் பழுப்பாகிவிட்டன. நகத்தால் சுரண்டினால் பலாப்பிசின் மாதிரி ஒட்டும். கடுகு வெடிக்கும்போது தெறிக்கிற எண்ணெய், குக்கர் விசிலோடு பீய்ச்சுகிற பருப்புத் தண்ணீர், அதில் இருக்கிற மஞ்சள், எல்லாவற்றையும் வெள்ளை சிமெண்ட் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சோப்பு போட்டால் மஞ்சள் கறை குங்குமச் சிவப்பாக மாறும், அலசினால் திரும்ப மஞ்சளாகும். போகாது.

ஒரு தீபாவளிக்கு முன்னால் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தேய்த்தேன். மூச்சு முட்டியது. கறை போனது, கூடவே சிமெண்டும் கரைந்து போனது. அந்தப் பள்ளங்களில்தான் அப்புறம் சின்னக் கரப்பான் குடியேறியது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

2019இல் மாற்றலாம் என்று முடிவானதும் எல்லாவற்றையும் யோசித்தோம். கண்ணாடி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, பின்பக்கம் பெயிண்ட் அடித்த டஃபண்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி. ஜாயிண்ட்டே கிடையாது, ஒரு துணி போதும். ஆனால் ஸ்விட்ச் போர்டுக்கான ஓட்டையெல்லாம் முதலிலேயே அளவு கொடுத்துப் போட்டுவிட வேண்டும். டஃபண்ட் ஆன பிறகு அதில் ஒரு துளைகூடப் போட முடியாது. நாளைக்கு ஒரு கரண்டி ஸ்டாண்டு மாட்ட நினைத்தாலும் வழியில்லை. மேடை கிரானைட்டையே சுவரில் ஏற்றலாம் என்றார் என் கணவர். எங்கள் சமையலறையில் வெளிச்சம் குறைவு, கறுப்பு கிரானைட் இன்னும் இருட்டாக்கும். அத்தை வீட்டில் வெள்ளை மார்பிள் இருக்கிறது. புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடமெல்லாம் பளபளப்பு போய் மங்கலாகக் கிடக்கிறது. கல் மாதிரி மேடு பள்ளமாக வருகிற மேட் டைல்ஸைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. அதில் பிசுக்கு ஏறினால் எடுக்கவே முடியாது.

கடைசியில் எனக்கு வழி சொன்னவர் டைல்ஸ் மேஸ்திரிதான். "டைல்ஸ் அழுக்காகாதுக்கா, ஜாயிண்ட்டுதான் அழுக்காகும். அடுப்புக்குப் பின்னாடி ஜாயிண்ட்டே வராம பண்ணிருவோம்" என்றார். மேடைக்கும் மேல் கப்போர்டுக்கும் நடுவில் எங்களுக்கு இரண்டடி. 2க்கு 4 அடி விட்ரிஃபைட் டைலை, அதாவது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டியான டைலை, படுக்கை வாக்கில் வைத்தால் உயரம் முடிந்தது. அகலத்தில் மூன்று பர்னர் அடுப்பு போக, இரண்டு பக்கமும் முக்கால் அடிக்கு மேல் மிச்சம். எண்ணெய் தெறிப்பதில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சுவர் மொத்தம் ஒன்பது அடி. நடுவில் முழு டைல், இரண்டு பக்கமும் வெட்டிய துண்டுகள். ஆக இரண்டே இரண்டு கோடு.

பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். மேஸ்திரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் டொக் டொக் என்று உள்ளே காலியாகச் சத்தம் கேட்டது. நாலு மூலையிலும் சிமெண்டை அப்பி ஒட்டினால் நடுவில் அப்படித்தான் ஆகும். முழுக்க உடைத்தோம், இரண்டு நாள் வீடெல்லாம் தூசி. செராமிக் தண்ணீரை உறிஞ்சும், அதனால் ஊறப்போட்டு சிமெண்டில் ஒட்டுவார்கள். விட்ரிஃபைட் அநேகமாக உறிஞ்சவே உறிஞ்சாது, வெறும் சிமெண்ட் அதைச் சரியாகப் பிடிக்காது. பசை, அதாவது டைல் அடிசிவ்தான் வேண்டும். சீப்புக் கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்து ஒட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

அந்த இரண்டு கோட்டையும் அடைக்க வெள்ளை சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி, அதாவது கலந்ததும் இறுகுகிற ரெசின் கலவை. கலந்த கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், டைல் மேல் பட்டதை உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்தால் அப்புறம் எடுப்பது பெரும்பாடு. வெள்ளை எபாக்ஸி நாளாக ஆக மஞ்சளடிக்கும், மஞ்சள் கறையும் லேசாகப் பிடிக்கும். வெளிர் சாம்பல் கேட்டு வாங்கினேன், இன்றைக்கும் கோடு அதே நிறத்தில் இருக்கிறது.

ஆறு வருடத்தில் என் வேலை என்னவென்றால், ராத்திரி அடுப்பை அணைத்து, சுவர் ஆறியதும் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் ஒரு துடைப்பு, ஈரத்துணியில் ஒரு துடைப்பு. மூன்று நிமிடம். வடை, அப்பளம் பொரித்த நாளில் ஐந்து. கம்பி நார் அந்தப் பக்கம் போனதே இல்லை.

குறையும் உண்டு. பளபளப்பு டைல் என்பதால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது துடைத்த தடம்கூடத் தெரியும். ஸ்விட்ச் போர்டை அடுப்பை விட்டு இன்னும் ஓரமாகத் தள்ளியிருக்கலாம். டைல்ஸைத் துடைக்க ஆகிற நேரத்தைவிட அதைத் துடைக்கத்தான் அதிக நேரமாகிறது. இன்னொன்று, மேடை கிரானைட்டும் சுவரும் சேர்கிற மூலை. அங்கேயும் எபாக்ஸியே போட்டார்கள், ஒரு வருடத்தில் முடி போல விரிசல் விட்டு எறும்பு வர ஆரம்பித்தது. அந்த இடம் அசையும், அதற்கு ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கிற சிலிக்கான் பசைதான் சரி. சுரண்டி எடுத்துவிட்டு சிலிக்கான் போட்டோம். சிங்க் பக்கம் மட்டும் அது கறுத்துப்போனதால் ஒரு தடவை மாற்றியிருக்கிறேன்.

பெட்டிக்கு இரண்டு டைல் என்பதால் இரண்டு பெட்டி வாங்கினோம், மூன்று செலவானது. மிச்சமான ஒன்றை மாடிப்படிக்கு அடியில் நிமிர்த்திச் சாய்த்து வைத்திருக்கிறேன். அதே டிசைன் இப்போது கடையில் இல்லை.